படிக்கும் புத்தகமும் பார்க்கும் புத்தகமும்: மேக்கப் பழகுவோருக்கு ஓர் எளிய விளக்கம்

மட்டக்களப்பின் கல்லடியில் என்னிடம் மணப்பெண் அலங்காரம் பழக வரும் பெண்கள் முதல் வாரத்திலேயே கேட்பது ஒன்றுதான்: "அக்கா, நல்ல மேக்கப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள்." காத்தான்குடியிலிருந்து வருபவரும் கேட்கிறார், களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ் ஏறி வருபவரும் கேட்கிறார். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. "மேக்கப் புத்தகம்" என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு வகை நூல்கள் இருக்கின்றன. ஒன்றிடம் கேட்க வேண்டியதை மற்றதிடம் கேட்டு ஏமாந்தவர்கள், "புத்தகம் பார்த்தெல்லாம் மேக்கப் பழக முடியாது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முடியும். என் தொழிலில் பாதியை நான் புத்தகங்களில்தான் கற்றேன். மீதியை முகங்கள் கற்றுத்தந்தன.

## இறால் குழம்பும் அதன் படமும்

இறால் குழம்பு வைக்கத் தெரியாத ஒருவருக்கு இரண்டு விதமாக உதவலாம். நன்றாக வைத்த குழம்பின் அழகான படத்தைக் காட்டலாம். அல்லது, "இரண்டாம் பாலில் அவியவிடு, முதற்பாலைக் கடைசியில் விட்டு, கொதி வருவதற்கு முன் இறக்கிவிடு, கொதித்தால் பால் திரைந்துவிடும்" என்று சொல்லலாம். படம் ஆசையைக் கிளப்பும். சொன்ன சொல்லோ கைக்கு வேலை காட்டும். இரண்டும் வேண்டும். ஆனால் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பால் திரையாமல் இருக்காது.

முகத்தில் நினைத்த விளைவை வரவழைக்கும் கைமுறைக்கு நுட்பம் என்று பெயர். நுட்பத்தைக் கற்பிப்பதைப் படிக்கும் புத்தகம் என்று இங்கே சொல்கிறேன். புதிதாக ஒன்றைச் செய்துபார்க்கத் தோன்றவைப்பது தூண்டல். தூண்டலுக்கானது பார்க்கும் புத்தகம்.

நான் முதன்முதலில் பணம் சேர்த்து வாங்கியது பார்க்கும் புத்தகம். செப்டம்பரில் நடக்கும் கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்குப் போய், பளபளக்கும் தாளில் அச்சான கனத்த நூல் ஒன்றை வாங்கி, இரவு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர் வந்தேன். மச்சாளின் கலியாணத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன், அதிலிருந்த ஒரு படத்தை அப்படியே அவளுடைய முகத்தில் செய்துபார்த்தேன். வாங்கிய நிறங்கள் படத்தில் இருந்தவைதாம். ஆனால் அவளுடைய முகம் சாம்பல் பூத்துப்போய் நின்றது. ஒத்திகை என்பதால் கழுவிவிட்டு மீண்டும் தொடங்க நேரம் இருந்தது. அது ஏன் அப்படி ஆனது என்பதற்கு அந்த நூலில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கேள்விக்காக அது எழுதப்படவும் இல்லை.

## படிக்கும் புத்தகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி

படிக்கும் புத்தகம் என்று சொல்லிக்கொண்டு வருபவையெல்லாம் கற்பிப்பதில்லை. கடையிலோ நூலகத்திலோ நின்றபடியே சோதித்துப் பார்க்கலாம். கண் அலங்காரம் பற்றிய பக்கம் ஒன்றைத் திறந்து, ஏதாவது ஒரு படியை வாசித்து, "ஏன்?" என்று கேளுங்கள். அதே பக்கத்தில் பதில் இருக்க வேண்டும்.

ஒரு நூல், "இமை மடிப்பில் பழுப்பு நிற ஐஷேடோவைப் பூசுங்கள்" என்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு நூல், "கண்ணாடியை நேராகப் பாருங்கள். கண் திறந்திருக்கும்போது மடிப்பு வெளியே தெரிகிறதா, உள்ளே மறைகிறதா? மறைந்தால் பழுப்பை மடிப்புக்குச் சற்று மேலே பூசுங்கள். மடிப்பிலேயே பூசினால் கண்ணைத் திறந்ததும் அது காணாமல் போய்விடும்" என்கிறது. முதல் வாக்கியம் படத்தில் இருக்கும் பெண்ணின் கண்ணுக்கு மட்டும் பொருந்தும். இரண்டாவது உங்கள் கண்ணுக்கும் பொருந்தும், நாளை உங்கள் முன்னால் வந்து அமரப்போகிற பெண்ணின் கண்ணுக்கும் பொருந்தும். காரணம் தெரிந்தவருக்கு முறையை மாற்றிக்கொள்ளத் தெரியும்.

இது எங்கள் பக்கத்தில் மிகவும் தேவையான திறமை. ஆரையம்பதியில் ஓர் இந்து மணப்பெண் நெற்றிச்சுட்டியும் பூச்சரமுமாக அமர்கிறாள். அடுத்த வாரம் சாய்ந்தமருதில் ஒரு முஸ்லிம் மணப்பெண் முக்காட்டோடு அமர்கிறாள். தலைமயிரின் ஓரமாக நெற்றியில் நிழல் கொடுக்கச் சொல்கிற படம் முக்காட்டுக்குள் எடுபடாது. அந்த நிழல் நெற்றியின் அகலத்தைக் குறைத்துக் காட்டத்தான் என்று நூல் சொல்லியிருந்தால், முக்காட்டின் விளிம்பே அதைச் செய்துவிடுகிறது என்று நீங்களே கண்டுகொண்டு அந்தப் படியை விட்டுவிடுவீர்கள்.

படங்களிலும் இதே கண்டிப்பு வேண்டும். படிக்கும் புத்தகத்தில் ஒரே முகம், ஒரே கோணம், ஒரே வெளிச்சத்தில் படிப்படியாக வர வேண்டும். "முன்பு" படத்தை மங்கலான அறையில் வாடிய முகத்தோடும், "பின்பு" படத்தைப் பிரகாசமான விளக்கின் கீழ் சிரித்த முகத்தோடும் எடுத்திருந்தால், அங்கே மாறியது விளக்கா, மேக்கப்பா என்று யாருக்கும் தெரியாது. தோலின் நுண்துளைகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். கிட்டத்தில் எடுத்த படத்தில் ஒன்றுகூடத் தெரியாவிட்டால், அது பெரும்பாலும் கணினியில் திருத்தப்பட்டதாக இருக்கும். அப்படி வழுவழுப்பாகத் தோல் வரும்வரை பூசிக்கொண்டே போகும் பழக்கம் அத்தகைய படங்களிலிருந்துதான் வருகிறது.

சுருக்கமாக: படிக்கும் புத்தகம் காரணம் சொல்ல வேண்டும், அதன் படங்கள் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். இனி, அந்தக் காரணங்கள் எவை என்று பார்ப்போம். அவை தெரிந்தால்தான் ஒரு நூல் சரியாகச் சொல்கிறதா என்று மதிப்பிட முடியும்.

## மணலில் கால்தடம்: ஒளியும் நிழலும்

காலையில் கல்லடிக் கடற்கரையில் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். சாய்ந்து விழும் வெயிலில் ஒவ்வொரு கால்தடமும் ஆழமான குழியாகத் தெரியும். நண்பகலில் அதே தடங்கள் தட்டையாகிவிடும். குழியின் ஆழம் மாறவில்லை. ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் விழும்போதுதான் நம் கண் ஆழத்தை உணர்கிறது.

மேக்கப் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. எலும்பு ஏறியிருக்கும் இடத்தில் வெளிர்நிறம் வைத்தால் அந்த இடம் முன்னே வருவதாகத் தோன்றும். இது ஹைலைட். தாழ்ந்திருக்கும் இடத்தில் தோலைவிடச் சற்று இருண்ட நிறம் வைத்தால் அது பின்வாங்குவதாகத் தோன்றும். இது கன்டூர். படிக்கும் புத்தகம் ஒன்று மண்டையோட்டின் அமைப்பையோ முகத்தின் மேடுபள்ளங்களையோ காட்டாமல், கன்னத்தில் எங்கே கோடு இழுப்பது என்று மட்டும் காட்டினால், அதில் பாடத்தின் முதல் பாதி இல்லை.

இந்தப் பாடத்தை மிகத் தெளிவாகச் சொல்லுபவை பெரும்பாலும் நாடக ஒப்பனை நூல்கள். ரிச்சர்ட் கோர்சன் எழுதிய 'ஸ்டேஜ் மேக்கப்' 1942இல் முதலில் வெளிவந்து, பல பதிப்புகள் கண்டு, இன்றும் நாடகம் பயில்வோரின் பாடநூலாக இருக்கிறது. அதில் வருவது கலியாண மேக்கப் அல்ல. ஆனாலும் எலும்பு, ஒளி, நிழல் என்ற அடிப்படையை அப்படியான ஒரு நூலில் படித்தவர் மணப்பெண்ணின் கன்னத்தில் பிரஷ் வைக்கும்போது கை தடுமாறாது.

## மருதமுனைச் சேலை: நிறத்தின் இரண்டு குணங்கள்

மருதமுனையில் கைத்தறிச் சேலை வாங்கப் போகும் அம்மாமார் சேலையைக் கடைக்குள் வைத்துத் தீர்மானிக்க மாட்டார்கள். வாசலுக்கு எடுத்துவந்து, பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். உள்ளே மின்விளக்கில் ஒரே மாதிரித் தெரிந்த இரண்டு பழுப்புகளில் ஒன்று வெளியே பொன்மஞ்சள் ஓடியும் மற்றது செம்மை ஓடியும் நிற்கும்.

நம் தோலும் அப்படித்தான். அது எவ்வளவு வெளிர், எவ்வளவு கருமை என்பது நிற ஆழம். அந்த நிறத்துக்குள் மஞ்சள் ஓடுகிறதா, செம்மை ஓடுகிறதா, ஒலிவ் காயின் பச்சை ஓடுகிறதா என்பது அடித்தொனி. மெலனின் என்ற நிறமியின் அளவும் வகையும், தோலின் அடியில் ஓடும் குருதியின் சிவப்பும் சேர்ந்துதான் இவற்றை உண்டாக்குகின்றன. ஒரே ஆழமுள்ள இரண்டு சகோதரிகளுக்கு அடித்தொனி வேறாக இருக்கலாம். எங்கள் தொழிலில் நடக்கும் தவறுகளில் மிகப் பெரும்பாலானவை ஆழத்தை மட்டும் பார்த்து அடித்தொனியைப் பார்க்காமல் விடுவதால் வருபவை.

மச்சாளின் முகம் சாம்பல் பூத்ததற்கும் காரணம் இதுவே. அவளுக்குப் பொன்மஞ்சள் ஓடும் மாநிறம். நான் பூசியதோ அவளைவிட வெளிர்ந்த, இளஞ்சிவப்பு ஓடும் பவுண்டேஷன் என்ற அடிப்பூச்சு. அதை வெளிர்நிறமாக்குவது டைட்டானியம் டையொக்சைடு என்ற வெள்ளை நிறமி. கரிபிடித்த சட்டியின் மேல் தண்ணீர் கலந்த பால் சிந்தினால் அது நீலம் பாய்ந்து தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். இருண்ட பரப்பின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் விழுந்தால் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். முகத்தில் அதையே சாம்பல் பூத்தல் என்கிறோம்.

கண்ணைச் சுற்றிய கருவளையத்துக்குச் செம்மஞ்சள் நிறம் பூசச் சொல்வதும் நிறத்தின் கணக்குத்தான். நிறங்களை வட்டமாக அடுக்கினால் நேரெதிரே வரும் இரண்டும் எதிர்நிறங்கள். அவை கலந்தால் ஒன்றையொன்று அடக்கிவிடும். கருவளையத்தின் நீலச்சாயலுக்கு எதிரே இருப்பது செம்மஞ்சள். வெளிர்ந்த தோலுக்கு அதன் மென்மையான சாயல் போதும், கருமையான தோலுக்கு ஆழ்ந்த சாயல் வேண்டும். இந்த ஒரு பத்தியில் உள்ளதையாவது விளக்காத நூலைப் படிக்கும் புத்தகம் என்று நான் ஏற்க மாட்டேன்.

எல்லாப் பக்கங்களிலும் வெளிர்ந்த தோல் மட்டுமே இருக்கிற நூல் ஒளி-நிழலைக் கற்றுத்தரலாம், ஆனால் நிறத்தைக் கற்றுத்தராது. குறைந்தது நான்கைந்து ஆழங்களிலாவது முகங்கள் உள்ள நூலைத் தேடுங்கள். வெளிர்ப்பதே அழகு என்ற எண்ணத்தோடு எழுதப்பட்ட நூலை நான் திரும்ப அடுக்கில் வைத்துவிடுவேன். எங்கள் பெண்களின் நிறத்தை அது ஒரு குறையாகக் காண்கிறது. குறையாகக் கண்ட எதையும் யாராலும் நன்றாக அலங்கரிக்க முடியாது.

சுருக்கமாக: ஒளி-நிழல் முகத்தின் வடிவத்தைக் காட்டுகிறது, ஆழமும் அடித்தொனியும் நிறத்தைத் தீர்மானிக்கின்றன, எதிர்நிறம் வேண்டாத சாயலை அடக்குகிறது.

## அச்சிட்ட நிறத்தை நம்பலாமா?

புத்தகத்தில் ஒரு முகத்தைப் பார்த்து, "இது என் நிறம்தான்" என்று பக்கத்தின் மேல் கையை வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அதை வைத்து பவுண்டேஷன் தெரிவு செய்ய வேண்டாம். வண்ணப் பக்கங்கள் பொதுவாக நான்கு மைகளில் அச்சாகின்றன: நீலப்பச்சை (சயன்), செங்கருநீலம் (மஜெந்தா), மஞ்சள், கறுப்பு. பழுப்புத் தோல் இந்த நான்கின் நுண்ணிய புள்ளிகள் கலந்து உருவாவது. செங்கருநீலம் சற்றுக் கூடினால் முகம் சிவக்கும். நீலப்பச்சை கூடினால் சாம்பலாகும். பளபளப்பற்ற தாள் மையை உறிஞ்சிக்கொள்வதால் கருமையான பகுதிகளின் நுணுக்கம் மங்கிவிடும். ஒரே நூலின் இரண்டு அச்சுகளில்கூட ஒரே முகம் வேறுபடலாம்.

பழைய நூல்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1950கள் முதல் பல ஆண்டுகள், வண்ணப் போட்டோக்களின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வுகூடங்கள் பயன்படுத்திய மாதிரி அட்டைகளில் வெளிர்ந்த தோலுடைய பெண்களே இருந்தார்கள். அவர்களுடைய தோலுக்கு ஏற்பவே எல்லாம் அளவிடப்பட்டதால், கருமையான முகங்களின் நுணுக்கம் படங்களில் தொலைந்துபோனது. ஆகவே அக்காலத்து நூலில் கருமையான முகம் ஒன்று தட்டையாகத் தெரிந்தால், அதை மேக்கப் கலைஞரின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதனால் நூலிலிருந்து நிறங்களுக்கிடையே உள்ள உறவை எடுத்துக்கொள்ளுங்கள்: உதடு கன்னத்தைவிட எவ்வளவு ஆழம், கண் எவ்வளவு அடக்கம் என்பதைப் போல. சரியான நிறத்தை முகத்தின் தாடையோரத்தில் வைத்து, சேலையைப் பார்ப்பதுபோல வாசலில் நின்று பாருங்கள்.

காலநிலை பற்றியும் ஒரு சொல். குளிர்நாட்டு நூல்கள் எண்ணெய்த்தன்மையான கிரீம்களைத் தாராளமாகப் பூசச் சொல்லும். எங்கள் கடலோர ஈரக்காற்றில் அவை மண்டபத்துக்குப் போகும் முன்பே வழுக்கத் தொடங்கும். ஆண்டின் நடுவில் கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் நாட்களில் தோல் வறண்டு பவுடர் திட்டுத்திட்டாக நிற்கும். எந்தப் பருவத்துக்கு எதைக் குறைப்பது என்பதை நூலின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வது என் பழக்கம்.

## பார்க்கும் புத்தகத்தை எப்படிப் பார்ப்பது?

இங்கே படிமுறை வேண்டியதில்லை. திருத்தப்பட்ட படமும் இருக்கலாம், நடக்கவே முடியாத கற்பனையும் இருக்கலாம். ஆனால் அப்படியே பிரதி எடுக்க முனையக்கூடாது. பிடித்த ஒரு படத்தின் முன் அமர்ந்து மூன்றைக் கவனியுங்கள்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, அதிகம் இடம் பிடித்திருக்கும் நிறம் எது, கோடுகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா கரைந்திருக்கிறதா. பிறகு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். கரைந்த விளிம்பை மட்டும் எடுத்து, உங்கள் நிறத்தில் செய்துபாருங்கள். வருவது உங்களுடையதாக இருக்கும்.

பார்க்கும் புத்தகம் மேக்கப் நூலாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஓவிய நூல், துணி வடிவமைப்பு நூல், கூத்துப் படங்கள் உள்ள நூல் எதுவும் ஆகலாம். எங்கள் வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் ஒப்பனையை நான் பலமுறை பார்த்து யோசித்திருக்கிறேன். வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியைச் சுற்றி நாலாபுறமும் ஆட்கள் அமர்ந்திருப்பார்கள். முன்னாளில் பந்தங்களின் ஆடும் வெளிச்சத்தில் ஆடினார்கள். தூரத்திலிருந்து புருவத்தின் அசைவு தெரிய வேண்டும் என்றால் கோடு தடிக்கத்தான் வேண்டும். கலியாண மண்டபத்தின் மேடையும் கடைசி வரிசைக்குத் தூரம்தான். புருவத்துக்கு எவ்வளவு அழுத்தம் என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை அங்கிருந்து வந்தது.

வேடம் போடுவதை நாம் "அரிதாரம் பூசுதல்" என்கிறோம். அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம், நஞ்சு. பழைய நூல்களின் வடிவத்தையும் நிறத்தையும் எடுத்துக்கொள்ளலாம், பொருட்பட்டியலை எடுத்துக்கொள்ளவே கூடாது. உடை, அணி, ஒப்பனை ஆகியவற்றை ஆகாரியம் என்ற தலைப்பில் பேசும் நாட்டிய சாஸ்திரம் வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு என்ற நான்கையும் கலந்து மற்ற நிறங்களைப் பெறச் சொல்கிறது: நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை, வெள்ளையும் சிவப்பும் சேர்ந்தால் தாமரை. ஐஷேடோத் தட்டில் பன்னிரண்டு நிறங்கள் இருந்தும் போதவில்லை என்று வருந்தும் மாணவிகளுக்கு நான் இதைத்தான் செய்துகாட்டுகிறேன்.

## எங்கே தேடுவது?

வாங்குவதற்கு முன் இரவல் எடுங்கள். நூலகங்கள் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் முறைக்குத் தூயி தசாம்சப் பகுப்பு என்று பெயர். அதில் முக அழகு பற்றிய நூல்கள் 646.72இல், தையல் நூல்களுக்கு அருகில் இருக்கும். நாடக ஒப்பனை 792.027இல், அரங்கக் கலைகளோடு இருக்கும். மனித உருவம் வரைவது பற்றியவை 743இல். பெரும்பாலானவர்கள் முதல் எண்ணோடு திரும்பிவிடுகிறார்கள். மட்டக்களப்பு பொது நூலகத்துக்குப் போகும்போது மூன்று அடுக்குகளையும் பாருங்கள். கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் நடனமும் பயிலும் ஒருவரைத் தெரிந்திருந்தால், அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

வெளியான ஆண்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஒளி, நிழல், நிறம் பற்றிய அத்தியாயங்கள் பழுதாவதில்லை. பொருட்களின் பெயர்ப் பட்டியல்தான் சீக்கிரம் காலாவதியாகும். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழுக்காக அழகுக்கலை படிப்பவர்களுக்கு மட்டும் பாடத்திட்டத்தோடு ஒட்டிய கையேடு தனியாக வேண்டும். சுத்தம் பற்றிய அத்தியாயம் எல்லோருக்கும் வேண்டும்: பிரஷ் கழுவுவது, மஸ்காராவை ஒருவருக்குப் பயன்படுத்திய தூரிகையால் இன்னொருவருக்குத் தொடாதது, புதிய பொருளை முதலில் காதின் பின்புறம் சிறிது பூசிப் பார்ப்பது. கண் தொற்று ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக ஒரு தூரிகை போதும். இந்த அத்தியாயம் இல்லாத நூலை வைத்துத் தொழில் பழக வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு நூல், அதில் ஓர் அத்தியாயம், அதை மூன்று வெவ்வேறு முகங்களில் செய்துபார்ப்பது: என்னிடம் வருபவர்களுக்கு நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. இப்போது மருதமுனையிலிருந்து வரும் ஒருவர் மேக்கப் நூல் எதையும் எடுக்காமல், 743 அடுக்கிலிருந்து முகம் வரைவது பற்றிய நூல் ஒன்றை எடுத்துப் போனார். இரண்டு வாரம் கரித்துண்டால் தன் உம்மாவின் முகத்தை வரைந்தார், ஒருநாள் காலை வெளிச்சத்தில், ஒருநாள் விளக்கில். போன சனிக்கிழமை மாதிரிக்கு வந்தமர்ந்த பெண்ணின் கன்ன எலும்பை விரலால் தடவிப் பார்த்து, நான் எதுவும் சொல்லுமுன் நிழலைச் சரியான இடத்தில் வைத்தார். மூக்கு இன்னும் வரவில்லை. அந்த அத்தியாயத்துக்காக நூலை மறுபடியும் இரண்டு வாரத்துக்குப் பதிந்து எடுத்திருக்கிறார்.